நாலாம் நம்பர் ரெக்கார்டர்

ஜனவரி 9

விடுதியில் இன்றும் தண்ணீர் வரவில்லை. பக்கத்து பிளாக்கில் போய்க் குளித்தேன்.

துறையில் ஜெபசிங்கின் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு இடம் வேண்டுமாம். எது என்ன பொருள் என்று வேறு யாருக்கும் தெரியாததால் நானே செய்தேன். மழைக்கோட்டு, டார்ச், அட்டைப்பூச்சிக்குப் போடும் புகையிலைப் பொட்டலம், தீர்ந்துபோன பேட்டரிகள் ஒரு டப்பா நிறைய. பேட்டரிகளைக் குப்பையில் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் எங்கே போடுவதென்று தெரியாமல் என் மேசைக்கடியில் வைத்தேன்.

ஜெபசிங் எங்கள் துறையின் ஆய்வு மாணவர். செப்டம்பரில் மலையிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கிவிட்டது. எனக்கும் அவருக்கும் ஒரே வழிகாட்டி, காசிலிங்கம் சார். என் ஆய்வு தும்பி, அவருடையது தவளை.

மதியம் தயிர்சாதம்.

ஜனவரி 12

அம்மா போன் செய்தாள். உடுமலையில் மாடு கன்று போட்டிருக்கிறது. பொங்கலுக்கு வரச் சொன்னாள். ஈரோட்டு ஜாதகம் ஒன்று பொருந்தி இருக்கிறதாம்.

"பையன் பேங்க்ல இருக்கறான் கண்ணு. ஒருக்கா வந்து பாத்துட்டுத்தான் போயேன்."

தீசிஸ் முடியட்டும் என்றேன். ஆறு மாதமாக அதைத்தான் சொல்கிறேன். பொங்கலுக்குப் போகப் போவதில்லை.

ஜனவரி 20

சாரிடம் மூன்றாம் முறையாகக் கேட்டேன். ஜெபசிங்கின் கட்டுரை முழுதாக எழுதி முடித்தது. ஆகஸ்டிலேயே சாரிடம் கொடுத்துவிட்டார். அதை ஏதாவது பத்திரிகைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"பாக்கலாம்மா," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப என்ன அவசரம்?"

வெளியே வந்தபோது ஜூனியர் தமீம் சொன்னான். "அக்கா, ஒரு வருஷம் போகட்டும்னு பாக்குறாரு. அப்புறம் அவர் பேரு முதல்ல வரும். எல்லா இடத்துலயும் இதுதான் நடக்குது."

விடுதிக்கு வந்தேன். துணி துவைத்தேன்.

ஜனவரி 29

ஜெபசிங்கின் அம்மா போன் செய்தார். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமம். அவர் பெயர் ரோஸ்லெட். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுவார். அந்த ஊர் வழக்கப்படி என்னை 'மக்களே' என்பார்.

"மக்களே, அவன் என்னமோ தவளையப் பத்தி எழுதினானே, அது புத்தகத்துல வந்துட்டா? பாஸ்டர் கேட்டாரு."

"இன்னும் இல்லம்மா."

"சரி மக்களே." பிறகு கேட்டார். "உனக்குன்னு எடுத்த அந்தச் சேலைய என்ன செய்ய? ஜவுளிக்கடையில மாத்தித் தருவாங்களாம், பில்லு கையில இருக்கு."

"மாத்திடுங்கம்மா," என்றேன்.

அது அரக்கு நிறம் என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்ததில்லை.

பிப்ரவரி 3

ஜெபசிங்கின் மேசையில் கிடைத்த கட்டுரைப் பிரதியைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார். மலையில் ஆறு ஓடைகளின் கரையில் மரத்தில் கட்டிய ஆறு ரெக்கார்டர்கள். சாயங்காலம் தொடங்கி இரவு வரை தானே பதிவு செய்யும். மூன்று மழைக்காலம். நாலாம் நம்பர் மட்டும் புதிதாக வந்த ரிசார்ட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கே ராத்திரி முழுக்க ஃப்ளட்லைட் எரியும். மற்ற ஓடைகளில் இருட்டியதும் கத்தத் தொடங்கும் தவளை, நாலாம் ஓடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகக் கத்துகிறது. விளக்கு அணைந்தால்தான் இருட்டு என்று நினைக்கும் உயிர், இருட்டே வராத இடத்தில் எப்போது கத்துவது என்று தெரியாமல் தவிக்கிறது. இப்படி எழுதியிருந்ததைச் சார் சிவப்பு மையால் அடித்து, 'இது கட்டுரை, கவிதை அல்ல' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

வேறு திருத்தம் எதுவும் இல்லை. முப்பது பக்கத்திலும் அந்த ஒன்றுதான்.

பிப்ரவரி 6

பதிவேற்றிவிட்டேன்.

பத்திரிகையில் வருவதற்கு முன்பே ஆய்வை எல்லோரும் படிக்கும்படி போட்டு வைக்கிற ப்ரீபிரிண்ட் தளம். காசு கிடையாது, யார் அனுமதியும் வேண்டாம். கட்டுரையை அங்கே போட்டேன். அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த மூல ஒலிப்பதிவுகள் அத்தனையையும் திறந்த களஞ்சியம் ஒன்றில் ஏற்றி இணைப்புக் கொடுத்தேன். பல்கலைக்கழக நெட்டில் இரண்டு நாள் ஏறியது. ஆசிரியர் என்ற இடத்தில் ஜெ. ஜெபசிங். அனுப்புபவருக்கும் இறந்த ஆசிரியருக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் கேட்டது. சக ஆய்வாளர் என்று நிரப்பினேன்.

ஒலிப்பதிவு எதையும் நான் திறந்து கேட்கவில்லை. கட்டுரையில் அட்டவணை இருக்கிறது. அது போதும்.

பிப்ரவரி 9

தளத்தில் வந்துவிட்டது. பெயர் சரியாக இருக்கிறது. இணைப்பை ரோஸ்லெட் அம்மாவுக்கு அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பையன் காட்டினானாம். "அவன் பேரு இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

முடி ரொம்பக் கொட்டுகிறது.

பிப்ரவரி 10

சார் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்துப் போனேன். அவர் உட்காரச் சொன்னார்.

"எடுத்துட முடியுமா?"

"முடியாது சார். ஒருதடவை போட்டா போட்டதுதான். வேணும்னா திருத்தி இரண்டாம் பதிப்பு போடலாம். முதல் பதிப்பு அங்கேயேதான் இருக்கும்."

"என் பேரு இல்லைன்னு கேக்கலை. உனக்கு அப்படித் தோணும்." ஜன்னலைப் பார்த்தார். "ரெக்கார்டிங்கை எல்லாம் கேட்டியா?"

"இல்ல சார்."

"ஒண்ணுகூடவா?"

"இல்ல சார்."

"சரி, போ."

மிரட்டுகிறாரா, இல்லையா என்று புரியவில்லை. தமீம் வந்து என்ன சொன்னார் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

பிப்ரவரி 22

மலையிலிருந்து லோகேஸ்வரி டீச்சர் பேசினார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஜெபசிங் களப்பணிக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பிடுவார். டீச்சர் ரிசார்ட் விளக்குகளுக்கு எதிராக ஒரு வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குழந்தைகள் தூங்க முடியவில்லை, யானை வழி மாறி லைன் பக்கமாக வருகிறது. அதற்கெல்லாம் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள்.

"மேடம், நெட்ல பாத்தேன். தம்பி கட்டுரை! அதை அப்படியே பிரிண்ட் எடுத்து மனுவோட வச்சுட்டேன். எங்க வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இல்ல, இதுக்கு இருக்கும்ல? மார்ச் இருபதாம் தேதி விசாரணை. கோட்டாட்சியர் ஆபீஸ்ல."

அவருக்குச் சந்தோஷம். எனக்கும் இருக்க வேண்டும். இருக்கும்.

பிப்ரவரி 25

ஒரு நாளிதழில் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னச் செய்தி. 'ரிசார்ட் வெளிச்சத்தில் நேரம் தவறும் தவளைகள்.' மறைந்த ஆய்வு மாணவர் என்று பெயர் போட்டிருக்கிறார்கள். ஒரு எழுத்துப்பிழை, ஜெயசிங் என்று.

அம்மா அதைப் படித்திருக்கிறாள். "உங்க காலேஜ் பையனாமே, பாவம். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

மார்ச் 2

ஒன்றும் எழுத இல்லை.

மார்ச் 6

அசாமிலிருந்து ஒரு மின்னஞ்சல். பெயர் மிருதுல் காகதி. அங்கே தவளை ஒலிகளைப் படிப்பவர். மிக மரியாதையாக எழுதியிருக்கிறார். முதலில் அனுதாபம். இவ்வளவு பதிவுகளைத் திறந்து வைத்ததற்கு நன்றி, மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்கிறார். பிறகு ஒரு சந்தேகம். அந்தியில் சில்வண்டுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சில நிமிடம் கத்தி ஓயும். உங்கள் மற்ற ஐந்து ரெக்கார்டர்களிலும் அது ஆறே முக்காலை ஒட்டிக் கேட்கிறது. நாலாவதில் மட்டும் எட்டு மணி என்று குறித்த கோப்பில் கேட்கிறது. சில்வண்டும் விளக்கைப் பார்த்துத் தாமதிக்கிறதோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அடைய வரும் பறவைகளின் சத்தமும் அதே கோப்பில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்த ஓடையில் மட்டும் எட்டு மணிக்கா இருட்டுகிறது?

பொதுவில் எழுதவில்லை, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன் என்று முடித்திருக்கிறார்.

மூன்று தடவை படித்தேன். பிறகு போய் அறையைப் பெருக்கினேன்.

மார்ச் 7

இன்று கேட்கலாம் என்று இருந்தேன். கரண்ட் இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது.

மார்ச் 8

கேட்டேன்.

நாலாம் நம்பர், போன ஜூலை. எட்டு மணி ஐந்து நிமிடம் என்று பெயரிட்ட கோப்பு. முதலில் பிளாஸ்டிக் பெட்டியைத் திறக்கும் சத்தம். மூச்சு வாங்குகிறது. பிறகு அவர் குரல், மைக்குக்கு மிகப் பக்கத்தில்.

"நாலு. பேட்டரி மாத்தியாச்சு. மணி ஆறே முக்கால்."

பெட்டியை மூடும் சத்தம். செடிகளை விலக்கி நடக்கும் சத்தம். தூரத்தில், "சனியன், எங்கேருந்து ஏறுச்சு இது." நின்று காலைத் தட்டுகிறார். "கலா கேட்டா அட்டையே இல்லைன்னு சொல்லிடணும்."

அதற்குமேல் சில்வண்டு.

பேட்டரியைக் கழற்றினால் அந்த ரெக்கார்டரில் கடிகாரம் அழிந்துவிடும். கையால்தான் நேரம் வைக்க வேண்டும். தவறாக வைத்திருக்கிறார். அன்று முதல் அதன் எல்லாக் கோப்புகளும் ஒரு மணி இருபது நிமிடம் முன்னே ஓடுகின்றன. முந்தைய இரண்டு மழைக்காலங்களில் ரிசார்ட்டே இல்லை. ஆக, கட்டுரை சொல்லும் தாமதம் முழுவதும் அந்த ஒரு கடிகாரத்திலிருந்து வந்தது.

என்னை வீட்டில் நித்யா என்பார்கள். துறையில் நித்யகலா. அந்தக் கோப்பை இதுவரை நாற்பத்தொரு பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று களஞ்சியம் காட்டுகிறது.

சாப்பிடப் போனேன். சப்பாத்தி தீர்ந்துவிட்டது.

மார்ச் 9

சாரிடம் போனேன். மிருதுலின் கடிதத்தைக் காட்டவில்லை. நாலாவது கடிகாரம் தப்பு சார் என்றேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"தெரியும்."

"எப்போலேருந்து சார்?"

"செப்டம்பர்லயே. கட்டுரையைப் படிக்கும்போதே நாலாவது மட்டும் எனக்கு இடிச்சுது. கடிகாரம் சரியான்னு பாத்துட்டு வாடான்னேன். மழை விடட்டும் சார், அடுத்த வாரம் போறேன்னான்." கைக்குட்டையை எடுத்தார், முகத்தைத் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "கருத்தரங்குக்கு அனுப்ப ரெண்டு நாள்தான் இருந்துச்சு. நான்தான் இன்னிக்கே போயிட்டு வந்துடுன்னு சொன்னேன். பஸ்ல போன்னு சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லலை."

மேசை மேல் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"கட்டுரையை அனுப்பினா எவனாவது கண்டுபிடிச்சிடுவான். அனுப்பலைன்னா அவன் சரியா செஞ்சான்னு எல்லாரும் நெனச்சிட்டு இருப்பாங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டேன். உங்கிட்ட என்னன்னு சொல்றது? நீங்க ரெண்டு பேரும்..." அதோடு நிறுத்தினார்.

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்த டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சுதா சார்? கடிகாரம் தப்புன்னு?"

"மேல போய்ட்டு போன் பண்ணினான். நீங்க சொன்னது சரிதான் சார், எல்லாம் போச்சு, திரும்ப ஒரு மழைக்காலம் எடுக்கணும்னான். சிரிச்சான்மா. அவ்வளவுதான். அப்புறம் இறங்கினான்."

மார்ச் 10

அன்று மேலிருந்து எனக்கும் ஒரு போன் வந்தது. நான் எடுக்கவில்லை. அம்மா விடுதிக்கு வந்திருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 12

இரண்டாம் பதிப்பு எழுத உட்கார்ந்தேன். நாலாம் நம்பரின் நேரத்தைத் திருத்தி எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட்டால், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் தவளையும் மற்றவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் கத்துகின்றன. வித்தியாசம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

சார் வந்து பின்னால் நின்றார். "இருபதாம் தேதி விசாரணைன்னு சொன்னே. அது முடியட்டுமேம்மா. எட்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது? அந்தப் பசங்களாவது தூங்குவாங்க."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மிருதுல் யாரிடமும் சொல்ல மாட்டார். லைன் வீட்டுக் குழந்தைகள் தூங்குவார்கள். ஜெபசிங் பெயர் நாளிதழில் வந்த மாதிரியே இருக்கும்.

"எல்லாம் போச்சுன்னு அவரே சொன்னார்ல சார்," என்றேன்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அட்டவணைகளை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மதியம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 14

பதிவேற்றியாயிற்று. முதல் பக்கத்திலேயே தவறு இன்னதென்று எழுதியிருக்கிறது. கண்டுபிடித்தவர்களாக இரண்டு பெயர்கள், நாள் வாரியாக. களத்தில் செப்டம்பரில் ஜெ. ஜெபசிங். ஒலிப்பதிவுகளிலிருந்து மார்ச்சில் மிருதுல் காகதி. சந்தேகம் முதலில் தன்னுடையது என்று போட வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார்.

மிருதுல் பதில் எழுதினார். இப்படி ஒரு திருத்தத்தை இதுவரை பார்த்ததில்லை என்கிறார். அவருடைய மாணவர்கள் இந்த வருடம் முதல் ரெக்கார்டர் வைக்கும்போது வாயாலும் நேரம் சொல்லப் போகிறார்களாம்.

மார்ச் 15

லோகேஸ்வரி டீச்சரிடம் நானே நேரில் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறினேன். அந்த வளைவு எது என்று எனக்குத் தெரியாது. எல்லா வளைவிலும் பார்த்தேன்.

டீச்சர் சோறு போட்டுவிட்டுத்தான் கேட்டார். சொன்னேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப நாங்க வச்ச ஆதாரம் பொய்யா?"

"தவறு. பொய் இல்லை டீச்சர்."

"ஆபீஸ்ல அந்த வித்தியாசமெல்லாம் பாப்பாங்களா? ரிசார்ட் வக்கீல் சிரிக்க மாட்டான்? இதையே பொய்யா வச்சவங்க, புள்ள தூங்கலைங்கிறதும் பொய்யின்னுவான்." கரண்டியால் என்னைக் காட்டினார். "இன்னும் ஒரு வாரம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல நீங்க?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே ரசம் ஊற்றினார். "சாப்பிடுங்க. தம்பியும் இப்படித்தான், சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கும்."

மனுவிலிருந்து கட்டுரையை எடுத்துவிடுகிறேன் என்றார். இறங்கும்போது இருட்டிவிட்டது. ரிசார்ட் விளக்குகள் மலையின் பாதியை வெளுப்பாக்கியிருந்தன.

மார்ச் 20

விசாரணை தள்ளிவைப்பு. குழந்தைகளை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம். டீச்சர் குறுஞ்செய்தியில் அவ்வளவுதான் எழுதியிருந்தார். விளக்கு எரிகிறது.

ஏப்ரல் 2

மார்த்தாண்டம் வந்திருக்கிறேன். நானேதான் கிளம்பி வந்தேன். ரோஸ்லெட் அம்மா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம்.

கட்டுரை தப்பு என்று அவரிடம் சொன்னேன். கடிகாரத்தைத் தப்பாக வைத்ததையும், அதைக் கண்டுபிடிக்கத்தான் அன்று மேலே போனதையும் சொன்னேன். சார் அனுப்பியதைச் சொல்லவில்லை. அதை அவரே வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

"சின்னப் பிள்ளையிலேயே வாச்சு கட்டமாட்டான்," என்றார். "பள்ளிக்கூடத்துக்கு எப்பவும் பிந்தித்தான்."

பிறகு, அவன் சத்தம் இருக்கிறதாமே மக்களே, பக்கத்து வீட்டுப் பையனுக்கு எடுக்கத் தெரியவில்லை என்றார். என் போனில் போட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டார். பேட்டரி, மணி, அட்டை, எல்லாம். சில்வண்டு தொடங்கியதும் நிறுத்தப் போனேன், கையைப் பிடித்தார். அது ஓயும்வரை கேட்டார்.

"எனக்க பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு," என்றார். "மூக்கடைச்சுப் பேசுகான். மருந்து சாப்பிட்டானா?"

"சாப்பிட்டார்மா. நான் வாங்கிக் கொடுத்தேன்."

என் வாயிலிருந்து சத்தமாக ஏதோ வந்தது. அது அழுகை என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

ஏப்ரல் 3

காலையில் அம்மா போன் செய்தாள். விடுதிக்குக் கூப்பிட்டிருக்கிறாள், நான் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க கண்ணு இருக்கறே?"

"மார்த்தாண்டத்துலம்மா. ஜெபசிங் வீட்டுல."

"யாரு, அந்தச் செத்துப்போன பையனா? அங்க உனக்கென்ன வேல?"

"நான் அவரைத்தாம்மா கட்டிக்கறதா இருந்தேன்."

அம்மா போனை வைக்கவில்லை. பின்னால் கன்று கத்துவது கேட்டது, அப்பா யாரையோ அதட்டுவது கேட்டது. ஜாதி என்ன என்று கேட்பாள், வேதக்காரனா என்று கேட்பாள், அப்பாவுக்கு என்ன சொல்வேன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அதெல்லாம் இனி கேட்பாளாக இருக்கும்.

"அவன் போயி எத்தன மாசமாச்சு?" என்றாள்.

"ஏழு."

"ஏழு மாசமா நீ தனியாவா இருந்தே சாமி?"